கோடு விழுந்த முகம்

தங்கசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தேரடிப் பக்கத்து டீக்கடையில். கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன். என் மகள் கோகிலாவின் கல்யாணத்தை எடுத்ததும் அவன்தான்.

“அண்ணாச்சி, அந்த டிஸ்க் விசயமா...” என்று அருகில் வந்தான்.

“கிட்ட வராதவே. மட்டமான டிஸ்க்கக் குடுத்து என் பொண்டாட்டி மூஞ்சி பூரா கோடு இழுத்துட்டு, இப்ப என்ன விசயம்?”

“அதில்ல அண்ணாச்சி...”

“அதேதான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. உங்க வீட்டு விசேசத்துக்கு இவன மட்டும் கூப்பிட்டுராதீங்க. ஆளு அசைஞ்சா போதும், சீப்பால கீறுன மாதிரி இருக்கும்.”

“அப்ப ஆளக் கட்டிப்போட்டு எடுக்கச் சொல்லணும்,” என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது.

தங்கசாமியும் லேசாகச் சிரித்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த மாதமே இரண்டு கல்யாண வீட்டார் அவனை விட்டுவிட்டு ராஜபாளையத்து ஆளைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். நான் துட்டி விசாரிக்கப் போகவில்லை.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் மனைவி ஆவுடையம்மாள் இறந்து, வருகிற வெள்ளியோடு ஒரு வருஷம். அவள் நடந்து, பேசி, சிரித்து நான் பார்க்க இருப்பது அந்த ஒரு டிஸ்க்தான். அவள் போன பிறகு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். மேடையில் தலையைத் திருப்பி அவள் சிரிக்கிற இடத்தில் முகம் முழுக்கக் கோடு.

“அப்பா, தெவசத்துக்குள்ள அம்மா சிரிக்கிற இடத்த மட்டுமாச்சும் சரி பண்ணுங்க,” என்று கோகிலா கோயம்புத்தூரிலிருந்து போனில் சொன்னாள். “நீங்கதான் ரேடியோ, மிக்சி எல்லாத்தையும் பிரிச்சுப் போடுவீங்கல்லா.”

“பிரிப்பேன். திரும்ப மாட்டுன கதைய உங்க அம்மைகிட்டத்தான் கேக்கணும்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இணையத்தில் தேடி, இலவசமாக ஒரு மென்பொருளைப் பிடித்தேன். அதில் அமுக்குவதற்குப் பொத்தான் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று நோட்பேடில் நாமே வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வரி எழுதினேன். அது ஓடி முடிகிற வரை வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

கோடு போயிருந்தது. கோகிலாவுக்கு அனுப்பினேன்.

“என்னப்பா, அம்மா குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறுது?”

மென்பொருளின் விளக்கத்தை மறுபடி படித்தேன். அந்தக் கால வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. ஒன்றுவிட்டு ஒரு வரியாக ஒரு கணம், நடுவில் விட்டுப்போன வரிகளில் அடுத்த கணம். எந்தப் பாதி முதலில் என்று நான் சொல்லவில்லை. அதுவாக மாற்றி எடுத்துக்கொண்டு, அவளை ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று இழுத்திருக்கிறது. அதைச் சொல்லும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். ஆவுடையம்மாள் முகம் கழுவித் துடைத்தாற்போல் வந்தாள்.

அத்தோடு மூடியிருக்கலாம். அடுத்த பத்தியையும் படித்தேன்.

பழைய பெட்டி டிவி இரண்டு பாதியையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால் கோடு தெரியாதாம். கணினியில் இரண்டும் ஒன்றாக விழும்போதுதான் தெரியுமாம். டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லையாம்.

நானும் அவளும் பெட்டி டிவியில் அதே டிஸ்க்கை எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஒரு கோடு கிடையாது. அவள் போனதும் அந்த டிவியைத் தூக்கிப் போட்டவன் நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் திரும்பினேன். மறுபடியும் கிளம்பினேன்.

தங்கசாமியின் மனைவி பொன்செல்வி கதவைத் திறந்தாள்.

“வாங்க அண்ணாச்சி.”

“தப்பு டிஸ்க்குல இல்ல பொன்செல்வி. நான் டிவிய விட்டுட்டு லேப்டாப்புல போட்டுப் பாத்ததுல. அது தெரியாம ஊரு பூரா...”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“அவுகதான். அன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தாக. கடையில வச்சே சத்தமாச் சொல்லியிருக்க வேண்டியதுதானேன்னு நான் ஏசுனேன். ‘ஏட்டி, சும்மா இரு. மதினி போனதுலேருந்து அண்ணாச்சி யாருகிட்டயும் வாயத் தொறக்கல. என்னைய ஏசவாவது தொறக்காகல்லா, ஏசிட்டுப் போகட்டும்’னாக.”

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? ஊரையே படம் எடுத்தாக. அவுகள யாரும் எடுக்கல. இந்தா மாலை போட்டிருக்க படமே ஆதார் அட்டையில உள்ளதப் பெருசு பண்ணுனது. உங்க வீட்டுப் படத்துல எங்கனயாவது நிக்காகளான்னு பாருங்க.”

வீட்டுக்கு வந்து கல்யாணப் படம் முழுவதையும் ஓட்டினேன். மூன்று மணி நேரம் பத்து நிமிடம். நிலைக்கண்ணாடி வருகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். பித்தளைச் சருவப்பானையின் பளபளப்பில்கூடத் தேடினேன். இல்லை.

நான் எழுதிய வரிகள் டிஸ்க்கிலிருந்து படத்தை மட்டும்தான் எடுத்திருந்தன. சத்தத்துக்குத் தனி வரி எழுத வேண்டும். எழுதினேன். மேளமும், பிறகு ஒட்டுப்போட்ட சினிமாப் பாட்டும் மாறி மாறி வந்தன. மேடையில் ஓரிடத்தில் இரண்டும் இல்லை. கேமராப் பக்கமிருந்து ஒரு குரல். எத்தனையோ தடவை கேட்டதுதான். யாருடையது என்று யோசித்ததில்லை.

“மதினி, சிரிச்சதுக்கெல்லாம் சம்பந்தி வீட்டுல இன்னும் ரெண்டு சீர் கேக்க மாட்டாக. நல்லா சிரிங்க!”

அதற்குத்தான் ஆவுடையம்மாள் தலையைத் திருப்பிச் சிரிக்கிறாள்.

அந்தத் துண்டைப் பென்டிரைவில் ஏற்றிப் பொன்செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் தங்கசாமியின் குரல் ஐந்து விநாடி இருக்கிறது.