கழுத்து மச்சத்துக்குத் திறக்கும் கதவு

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று மச்சத்தை எழுதிக்கொண்ட காலம் போய், இப்போது வீட்டுக் கதவே மச்சத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. என் முகம் யாருக்கும் ஞாபகத்தில் நிற்காது. அதனால் கழுத்திலிருந்த மச்சம்தான் எனக்கு இருந்த ஒரே மரியாதை.

அது திடீரென்று கறுத்துத் தடித்தது. புற்றாக இருக்குமோ என்ற பயத்தில் என் மனைவி செண்பகவல்லி சாப்பாட்டையே மறந்தாள். மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இன்று டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை நிமிர்ந்து சிரித்தார்.

"மேலாக்கதான் செல்லெல்லாம் பெருசா இருக்கு. ஆழத்துக்குப் போகப் போகச் சின்னதாகி அடங்கிடுது. சாதுவான மச்சம்மா, பயமே வேண்டாம்."

"இவரும் அப்படித்தான் டாக்டர். வாசல்ல சவுண்டு விடுவாரு, உள்ள வந்தா அடங்கிடுவாரு."

சந்தோஷமாக வீடு திரும்பினோம். அவளுக்குத் திறந்த கதவு, என் கழுத்துப் பிளாஸ்திரியைக் கண்டதும் பாதியில் நின்றது.

"உடன் வந்திருப்பவர் யார்?" என்று கேட்டது கதவு.

"என் வீட்டுக்காரர்."

"அவர் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் இருக்கிறார். நலமாக இருப்பதாகத் தகவல்."

நான் கெஞ்சினேன். குளியலறைக் குழாய் ஒழுகும் ரகசியத்தைக்கூடச் சொல்லிப் பார்த்தேன். கதவு மசியவில்லை.

"சரி, விருந்தாளின்னு போட்டுக்கோ," என்றாள் செண்பகவல்லி.

"எத்தனை நாள் தங்குவார்?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வருஷம் தங்குவாரு. இப்பத்தான் டாக்டர் சொன்னாரு."