வசுமதியின் அசதி

பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ரெஜினா, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். "பச்சப்புள்ள கத்துது, அத நெனச்சாவது எந்திரி," என்று மாமியார் கதவைத் தட்டினாள். "கொஞ்சம் வெளிய போயிட்டு வந்தா சரியாயிடும்," என்றான் கணவன்.

கீழ்வீட்டு வசுமதி மெல்லப் படியேறி வந்தாள். பல வருடங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அன்று தலை வாரிக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. இவளை யார் கூப்பிட்டது என்பதுபோல் மாமியார் பார்த்தாள். வசுமதி கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ரெஜினா, நீ குளிக்க வேணாம். பேச வேணாம். தாழ்ப்பாள மட்டும் எடுத்துட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்க. அதுவே மலையத் தூக்குற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்மா."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.

வசுமதி உள்ளே போனாள். ஜன்னலைத் திறக்கவில்லை, விளக்கைப் போடவில்லை. சொல்வதற்கு ஆறுதல் எதுவும் அவளிடம் இல்லை. கட்டிலை ஒட்டி வெறுந்தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அசதியாகத்தான் இருந்தது.

இருட்டில் கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது.

"அக்கா, தரை ஜில்லுன்னு இருக்குமே," என்றாள் ரெஜினா. "தலகாணி தரட்டுமா?"