எடைக்கு எடை வெல்லம்

பச்சை பெயின்ட் பூசிய இரண்டு கிலோ எடைக்கல்லைப் பழந்துணியில் சுற்றி, மகனுடைய யானைப் படம் போட்ட பைக்குள் திணித்தாள் கயல்விழி. நெல்லிக்குப்பம் மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவள். தராசில் இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. இன்று மாரியம்மனையே ஏமாற்றத் துணிந்துவிட்டாள்.

கடைச் சாக்கில் அந்தக் கல் ஒரு ஜோடி இருக்கும். காலையில் ஒன்றுதான் இருந்தது. பக்கத்துக் கடை ஜெயராணி வழக்கம்போல இரவல் வாங்கிப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

போன ஆடியில் மகன் செம்பியன் காய்ச்சலில் விழுந்தபோது, "தேறி வந்தா எடைக்கு எடை வெல்லம் குடுக்குறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டவன் அவள் புருஷன் இளவரசு. அப்போது பையன் பதிமூன்று கிலோ. இந்தச் செவ்வாய்க்கிழமை கடலூர் ஆஸ்பத்திரியில் பதினொன்று.

"இனிமே மருந்துக்குக் கேக்காதும்மா" என்று டாக்டர் சொன்னதை அவள் வெளியே விடவில்லை. "தேறிட்டு வர்றானாம் மாமா" என்றுதான் வீட்டில் வந்து புருஷனிடம் சொன்னாள். கரும்பு லோடு ஓட்டுகிற முரட்டு ஆள்தான், ஆனால் மகன் என்றால் உயிர். எடை குறைந்தது தெரிந்தால் அங்கேயே உடைந்து போவான்.

"அப்ப வெள்ளிக்கெழமையே வேண்டுதல முடிச்சிடலாம்" என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். வந்துவிட்டார்கள்.

கோயில் உத்திரத்தில் பெரிய தராசு தொங்கியது. "பை எதுக்கும்மா? கீழ வை" என்றார் எடை போடும் கலியமூர்த்தி.

"புடுங்குனா அழுவாண்ணே."

இளவரசு தன் துண்டை மடித்துத் தட்டில் போட்டு, மகனைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தான்.

"குத்துதுப்பா."

"கொஞ்சம் பொறுத்துக்கடா தங்கம்."

மறுதட்டில் வெல்லம் ஏறியது. கொண்டுவந்திருந்த பதிமூன்று கிலோவும் வைத்தாயிற்று. பையன் இருந்த தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

"பத்தலையே" என்று சிரித்தார் கலியமூர்த்தி. "புள்ள நல்லா வெயிட்டு ஏறியிருக்கான். இன்னும் ரெண்டு கிலோ வாங்கியாங்க."

கயல்விழிக்கு ஒன்றும் புரியவில்லை. பதினொன்றும் பைக்குள் இருக்கும் இரண்டும் பதிமூன்றுதானே? மீதி எங்கிருந்து வந்தது? டாக்டர் சொன்னது பொய், ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று பெற்ற மனசு துள்ளியது. ஓடிப்போய் மகனை வாரி எடுத்தாள்.

அவன் காலில் சிக்கித் துண்டும் கூடவே வந்தது. அதிலிருந்து ஏதோ நழுவி, தட்டில் ணங்கென்று விழுந்தது. பச்சை பெயின்ட் பூசிய இரண்டு கிலோ கல். அவள் கடைக் கல்.

திரும்பினாள். மகன் கையிலிருந்து நழுவிய யானைப் பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான் இளவரசு. அதன் கனம் அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப... ஒனக்கும் தெரியுமா கயலு?"