ஓர்ஸ் ஹில் இறக்கம்

கார் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் திரும்பியபோது முதலாவது குண்டு விழுந்தது.

சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்தது. கமலாதேவி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். நிறைமாதம். பிள்ளை ஒருமுறை புரண்டுவிட்டு அசையாமல் கிடந்தது.

துறைமுகத்துக்கு மேலே யப்பான்காரனின் விமானங்கள் காலை வெயிலில் மினுங்கின. கீழே கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவள் புருசன் குலசிங்கம் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தான். கழுத்தெல்லாம் வியர்வை. வீட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து ஒரு சொல் கதைக்கவில்லை.

இந்தக் காரை அவளுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

சின்ன வயதில், வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டுக் குப்பையில் சக்கரமில்லாத தகரக் கார் ஒன்றை அவன் கண்டெடுத்தானாம். நூற்கட்டையை அறுத்து அதற்குச் சக்கரம் பூட்டினானாம். அன்றைக்குப் பிடித்த கார்ப் பைத்தியம். பிறகு மரத்தில் செதுக்கினான், தகரத்தில் வெட்டினான். கல்யாணமாகி வந்த கமலாதேவியின் சேலைகளுக்கு அலுமாரியில் ஒரே ஒரு தட்டுத்தான் கிடைத்தது. மற்றத் தட்டெல்லாம் விளையாட்டுக் கார்கள். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கிற மனிதன்!

கடைசியில், யாரோ கைவிட்ட இந்த ஓட்டை ஒஸ்ரின் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டான். பின்னேரமானால் அதற்குக் கீழே படுத்துவிடுவான். பட்டாளத்துக்கு வாகனம் பிடிக்க வந்தவர்கள்கூட அதைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவனுக்கோ அது பொன். ஒருநாள் கோயிலுக்குப் போகையில், பின்சீற்றில் இருந்த சொந்தக்காரர் இருவரைப் பாதிவழியில் இறக்கி நடக்கவிட்டான். காருக்குப் பாரம் கூடாதாம்.

இறக்கத்தில் கார் வேகம் பிடித்தது.

கீழே றோட்டு நிறையச் சனம். பாய், பெட்டி, ஆடு, பிள்ளை. குலசிங்கம் ஹோனை அமத்தினான். சனம் சிதறியது. ஒரு கிழவர் றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து, எழும்பி, மண்ணை அள்ளிக் காருக்கு எறிந்தார்.

“மெல்லப் போங்கோ!”

அவன் கியரை இழுத்தான். எஞ்சின் மாடு மாதிரிக் கதறியது. வேகம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். வளைவில் கார் ஒருபக்கமாகச் சரிந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு கோணேசப் பெருமானைக் கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது முன்னால் பத்மாசனி நின்றாள்.

அவளுடைய தங்கச்சி. இடுப்பில் பிள்ளை, தலையில் ஒரு பொட்டலம். அத்தானின் காரைக் கண்டதும் முகம் மலர்ந்து, நடு றோட்டுக்கே வந்து கையை உயர்த்தினாள்.

“நிப்பாட்டுங்கோ! பத்மா நிக்கிறாள்!”

ஹோன் அலறியது. தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துப் பத்மாசனி இன்னும் கிட்ட வந்தாள்.

கார் புல்லுக்குள் இறங்கி, அவளை உரசுகிற மாதிரி விலத்திக்கொண்டு போனது. கை நீட்டினால் தொடலாம். அந்த முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் அழியக்கூட இல்லை.

பிறகு பின்னாலிருந்து, “அத்தான்! அத்தான்!” என்று அவள் ஓடிவருகிற சத்தம்.

கமலாதேவி அவன் தோளில் குத்தினாள். ஸ்டியரிங்கைப் பறிக்கப் போனாள். அவன் முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டான். ஆறு வருசத்தில் அவன் அவள்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஒரு விமானம் மரங்களை உரசிக்கொண்டு தாழப் பறந்தது. படபடவென்று துப்பாக்கிச் சூடு. அவள் திரும்பிப் பார்த்தாள். றோட்டில் நடந்துகொண்டிருந்த ஒருவரையும் காணவில்லை. புழுதி மட்டும் நின்றது. புழுதிக்குள் ஆட்கள் குப்புறக் கிடந்தார்கள். அதில் எது பத்மா?

கன்னியாய் வெந்நீரூற்றுப் பக்கம் வந்ததும் அவன் றோட்டை விட்டுக் காட்டுக்குள் திருப்பினான். கார் பற்றைகளை மிதித்துக்கொண்டு ஏறி, ஒரு கறையான் புற்றில் மோதி நின்றது. முன்பக்கம் நசுங்கியது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தான்.

கமலாதேவி இறங்கிப் போய், றோட்டைப் பார்த்தபடி ஒரு மரத்தடியில் குந்தினாள். அவன் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. சனம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வேறு யாரோ, வேறு யாரோ.

குண்டுச் சத்தம் ஓய்ந்து நெடுநேரத்துக்குப் பிறகு, கிண்ணியா வியாபாரி ஒருவரின் மாட்டுவண்டியில் பத்மாசனி வந்திறங்கினாள். உள்ளங்காலில் இரத்தம். பிள்ளை தோளில் நித்திரை.

அக்காளும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பத்மாசனிதான் முதலில் கையை எடுத்தாள். தூர நின்ற குலசிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாங்கள் ரெண்டு பேர் ஏறினா உங்கடை விளையாட்டுக் கார் உடைஞ்சு போமோ, அத்தான்?”

அவன் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தான்.

“வாயைத் திறந்து சொல்லுங்கோவன்,” என்றாள் கமலாதேவி. “ஒருக்கா நிப்பாட்டினா என்ன?”

குலசிங்கம் கிட்ட வந்தான். அவன் பத்மாசனியைப் பார்க்கவில்லை. கமலாதேவியின் வயிற்றைப் பார்த்தபடி சொன்னான்:

“பிரேக் முழுக்க வீட்டு மேசையிலை கிடக்குது, கமலா. நேற்றுத்தான் கழட்டினனான். சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியோ?”