அறிவு ஸ்டாப்

பச்சைத் துணி போர்த்திய சிலைக்கு முன்னால் ஊரே வெயிலில் நின்றது. குருமூர்த்தி மட்டும் சிலையைப் பார்க்காமல் தன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேகலா ஏணியடியில் நின்றிருந்தாள். கையில் ரோஜா மாலை. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

செத்துப்போன அண்ணனுக்கு என்றால் மட்டும் இந்தப் புடவை வெளியே வரும்.

அண்ணன் அறிவுச்செல்வனுக்கு அவள் பெண்டாட்டியாக இருந்தது மூன்றே வருஷம். அதிலும் முக்கால்வாசி நாள் அவன் பட்டாளத்தில் கிடந்தான். குருமூர்த்திக்கு அவள் பெண்டாட்டியாகி இருபது வருஷம் ஆகிறது. ஆனால் ஊருக்கு அவள் இன்னும் அறிவு சம்சாரம்தான். இவன் அறிவு தம்பி. அட, கட்டிய தாலிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

காஷ்மீரில் குண்டு பட்டுப் பெட்டியில் வந்தான் அண்ணன். பெட்டியை முதலில் இறக்கி வைத்த இடத்தில் ஊர்க்காரர்கள் ஒரு மூங்கிலை நட்டுக் கொடி கட்டினார்கள். அடுத்த வருஷம் மூங்கில் போய் சிமெண்டுத் தூண் வந்தது. தூணுக்குச் சூடம் காட்டினார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போகிற பையன்கள் அதை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். பெரம்பலூர் பஸ் கண்டக்டர்கூட, "அறிவு ஸ்டாப்லாம் எறங்குங்க" என்று கத்த ஆரம்பித்தார்.

செத்தவன் வருஷா வருஷம் வளர்ந்தான். உயிரோடு இருந்தவன் மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்டிக்கொண்டு கிடந்தான்.

வாழ வேண்டிய பெண் என்று பெரியவர்கள் பேசி முடித்து மேகலாவை இவனுக்குக் கட்டி வைத்தார்கள். இவனும் ஆசை ஆசையாகத்தான் கட்டினான். புதிதில் ஒரு நாள் சோறு போடும்போது பழைய பழக்கத்தில், "தம்பி, இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சோறு இன்றைக்கும் அவனுக்குச் செரிக்கவில்லை.

ஒவ்வொரு நினைவு நாளிலும் தூணுக்கு மாலை போட்டுவிட்டு அவள் ஒரு பார்வை பார்ப்பாள். வெறும் சிமெண்டுத் தூணை! அதில் கால்வாசியை இவன் பக்கம் திருப்பியிருந்தால் போதும், இவன் சந்தோஷத்திலேயே செத்திருப்பான்.

இப்போது தூணும் போய், அரும்பாவூர்ச் சிற்பி செய்த முழு உருவச் சிலையே வந்துவிட்டது. இனிமேல் கேட்கவா வேண்டும்?

பஞ்சாயத்துத் தலைவர் அம்பிகா கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

"அச்சு அசல் அறிவேதான்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது.

குருமூர்த்தி வேண்டாவெறுப்பாக அண்ணாந்து பார்த்தான்.

தொப்பி, மெடல், துப்பாக்கி எல்லாம் சரி. இடது புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. அண்ணனுக்கு ஏது தழும்பு? சின்ன வயதில் களைக்கொத்து பட்டு இவனுக்கு அல்லவா வந்தது?

மூக்கும் இவனுடையதுதான். ஒரு பக்கம் சற்றே தூக்கிய மேலுதடும் இவனுடையதுதான்.

ஊருக்கு என்ன? இருபது வருஷத்தில் அண்ணன் முகம் யாருக்கு நினைவிருக்கும்? கூடப்பிறந்தவன் ஜாடையில் ஒரு தொப்பியும் மீசையும் இருந்தால் அது அறிவுதான்.

அவன் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏணியடிக்குப் போனான்.

"எந்தப் போட்டோடி குடுத்த?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேகலா மாலையில் உதிர்ந்த இதழைத் தட்டிவிட்டாள். "நம்ம கல்யாணப் போட்டோவத்தாங்க. அவரு போட்டோதான் வூட்ல ஒண்ணுகூட இல்லீங்களே."

இல்லைதான். எப்படி இருக்கும்?

கூடத்தில் மாட்டியிருந்த பெரிய படம் வெள்ளையடிக்கும்போது உடைந்துபோனதாகச் சொன்னான். ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது என்றான். அவள் தலையணை உறைக்குள் வைத்திருந்த சின்னப் படத்துக்குப் பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாம் வெந்நீர் அடுப்புக்குத்தான் போயின.

அவள் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்காததால் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

மேகலா ஏணியில் கால் வைத்தாள்.

உயிரோடு இருக்கிறவன் உருவத்துக்கு மாலை போட்டால் ஆயுசு குறையும் என்பார்கள். போடாதே என்ற சொல் அவன் தொண்டை வரை வந்தது. சொன்னால் ஏன் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்டால் எந்த வாயால் சொல்வது?

அவள் மாலையைப் போட்டாள். சிலையின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் மெல்லத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பிறகு பார்த்தாளே ஒரு பார்வை.

இத்தனை வருஷமாக அவன் கேட்காமல் கேட்டுக் கிடந்த பார்வை. அவன் மூஞ்சியைத்தான் பார்த்தாள். ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

அவள் இறங்கியதும் அம்பிகா இன்னொரு மாலையை எடுத்துக் குருமூர்த்தியின் கையில் திணித்தார்.

"ஏறுங்கண்ணே. ஒங்க அண்ணனுக்கு நீங்களும் ஒரு மாலை போடுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஏறித்தான் ஆக வேண்டும்.

மேல்படியில் நின்று நேருக்கு நேர் பார்த்தபோது, தன் மூஞ்சியைப் பார்த்தே அவனுக்கு வயிறு எரிந்தது.