இடது முன்சக்கரம்

பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டியரிங் மறுபடியும் மாரீஸ்வரியின் கையில் உதறியது.

ஆண்டாப் ஹில் திருப்பத்தில், முன்னால் போன பஸ்ஸை முட்டாமல் எப்படியோ நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகேஷ்குமார் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பொண்டாட்டி கோபத்த வண்டியும் கத்துக்கிச்சு போல," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. மாட்டுங்காவில் பூ வாங்கிக்கொண்டு அப்படியே அம்பர்நாத் போக வேண்டும். மதியம் அம்மா வீட்டில் விருந்து.

ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. மகேஷின் சாதி அவர்களுக்கு ஆகாது. பதிவுக் கல்யாணம் முடிந்த அன்று அண்ணன் இசக்கிப்பாண்டி தாராவித் தெருவில் நின்று, தனக்குத் தங்கச்சியே பிறக்கவில்லை என்று ஊர் கேட்கக் கத்தினான். அவள் பட்டம் வாங்கியபோது, வீட்டின் முதல் பட்டதாரி என்று அதே தெருவில் வீடு வீடாக லட்டு கொடுத்தவனும் அவன்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பர்நாத்துக்குக் குடிபோய்விட்டான்.

அவனே நேற்று செம்பூரில் இவர்கள் வீட்டுக்கு வந்து விருந்துக்கு அழைத்துவிட்டுப் போனான். இந்த வண்டி இன்றைக்கா மக்கர் பண்ண வேண்டும்?

கரீம் பாட்சாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"பாய், போன வாரம் டயர் மாத்துறேன்னு என்னத்த மாத்துனீங்க? பிரேக் போட்டா வண்டி ஆடுது."

"கையில ஆடுதா, சீட்டுல ஆடுதா?"

"கையில. சீட்டுல ஆடுனா பின்சக்கரம்னு எனக்கும் தெரியும்."

"அரே, பாக்க விடும்மா மொதல்ல. திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம்."

மகேஷ் இந்தச் சண்டையில் தலையிடாமல் டீ வாங்கத் தெருவைத் தாண்டிப் போனான்.

ஜாக்கியில் வண்டியின் முன்பக்கம் எழும்பியது. பாட்சா வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கோணல் இல்லாமல் ஓடியது. இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.

டக்.

அவர் முகம் மாறியது. சக்கர மூடியைக் கழற்றினார். ஸ்பேனரைத் தேடவே இல்லை. விரலாலேயே ஒரு நட்டைத் திருகினார். திரும்பியது. அடுத்ததும் திரும்பியது.

"பாத்தீங்களா? ஒழுங்கா முறுக்கவே இல்ல!" மாரீஸ்வரியின் குரல் தெருவுக்கே கேட்டது. "ஹைவேல சக்கரம் கழண்டு ஓடியிருந்தா யாரு பதில் சொல்லுவா?"

பாட்சா கோபப்படவில்லை. நட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

முறுக்கி முடித்த கையோடு நட்டிலிருந்து சக்கரத் தகடு வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். வலது சக்கரத்தில் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. இங்கே ஒவ்வொரு கோடும் இரண்டாக உடைந்து, நட்டில் பாதியும் தகட்டில் பாதியுமாக வெவ்வேறு திசை பார்த்துக் கிடந்தது. நட்டின் முனைகளில் இரும்பு உரசிய புதுச் சிராய்ப்பு பளபளத்தது.

"இது தானா கழண்டது இல்லம்மா. எனக்கப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க. பஞ்சர் போட்டியா?"

"இல்ல."

"வண்டிய யாருக்காச்சும் குடுத்தியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

நேற்று சாயங்காலம் அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து நின்றான். பழைய வண்டியானாலும் வாங்கினதும் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டாமா, திஷ்டி கழிய வேண்டாமா என்று கேட்டு சாவிக்குக் கை நீட்டினான். இதிலெல்லாம் நம்பிக்கையே இல்லாத மகேஷ், மச்சான் கேட்டுவிட்டாரே என்று ஓடிப்போய் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அண்ணன் சக்கரம் சக்கரமாகக் குனிந்து பழம் வைத்தான். சுவரை ஒட்டியிருந்த இடது பக்கம் போனவன் நெடுநேரம் எழவில்லை. சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் அவனுக்குக் காப்பி போட்டாள்.

"யாருக்கும் குடுக்கல," என்றாள் பாட்சாவிடம். சொன்னது அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

போன் அடித்தது. அம்மா.

"கெளம்பிட்டியா தாயி? நீ ட்ரெயின்ல வந்துரு, என்ன? குர்லால ஏறுனா வெரசா வந்துரலாம். கறி அடுப்புல கெடக்கு, நீ வந்துதான் உப்பு பாக்கணும். மாப்பிள்ள கார்ல மெதுவா வரட்டும்."

மாப்பிள்ளை. இத்தனை நாளில் அம்மா மகேஷை அப்படிச் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேசிய நாளில் அந்தப் பய என்பாள். அதுவும் எப்போதாவதுதான்.

மாரீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தெருவின் அந்தப் பக்கம் மகேஷ் மூன்று டீ கிளாஸையும் ஒரே கையில் பிடிக்க முயன்று சூட்டில் துள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதேம்மா," என்றாள்.

போனில் குக்கர் விசில் அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"ஏட்டி... அப்போ வண்டிய நீயா ஓட்டுத?"