துப்பாக்கிக்குத் துணை

பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்ற துப்பாக்கி நான். தேர்தல் வந்ததும் என்னையும் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்தார்கள். அரசாங்கமே அஞ்சுகிறதே என்று பூரித்துப்போனேன்.

திரும்பி வந்தால், என் முதலாளி மாசிலாமணியின் கடலைக்காட்டைச் சுற்றி ஒரு பழைய சேலை வேலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"பன்றி வந்ததா?"

"நான் அசைஞ்சாலே ஓடிடுதுண்ணே. உங்க காலத்துல?"

"வந்து தின்றுவிட்டுப் போகும். நான் பூட்டிய பீரோவுக்குள் பத்திரமாக இருப்பேன். சட்டம் அப்படி."

சேலை சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது.

அது உரிமம் புதுப்பிக்கும் மாதம். புதுப்பிக்காவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்; என்னை உருக்கிவிடுவார்கள். மாசிலாமணி என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார்.

"ஒப்படைச்சிடலாம்."

வழியில் யாரும் மிரளக் கூடாதென்று சேலையில் கொஞ்சம் கிழித்து என்னைச் சுற்றினார்.

"பயப்படாதீங்கண்ணே," என்றது அந்தத் துண்டு. "நான் துணைக்கு வர்றேன்."